இரண்டு காம்பரா, ஒரு தப்பு, ஒரு பகல்: அப்புத்தளைப் பக்கத்து மரபுரிமை நடை

கடந்த ஆவணியில் இலங்கை மலையகத்தில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்த பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒருநாள் மரபுரிமை நடையில் நானும் என் அம்மாவும் தங்கை மகனும் கலந்துகொண்டோம். குழுவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் நடக்கும் பாதைக்கு அனுமதி வாய்மொழியாகவே கிடைத்து வருவதால், எழுத்தில் பெயர் வராமல் இருப்பதையே இப்போதைக்கு அவர்கள் விரும்புகிறார்கள். அப்புத்தளை நகரில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். பெயரைக்கூட வெளியில் சொல்ல முடியாத நிலையில் ஒரு சுற்றுலாச் சேவை நடக்கிறது என்பதே அந்தச் சேவையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய செய்தி. அதற்கான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

உள்நாட்டவருக்கு ஆளொன்றுக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார்கள், மாணவருக்குப் பாதி. காலை உணவும் பகல் உணவும் இரண்டு வேளைத் தேத்தண்ணியும் அதற்குள் அடங்கும். எட்டுப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அழைத்துச் செல்வதில்லை. தொலைபேசியில் பதிவு செய்து, பணத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் பண்டாரவளையில் உறவினர் வீட்டில் தங்கி, விடியுமுன் ஓட்டோவில் போய்ச் சேர்ந்தோம். காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. பிந்தி வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அது சரியான நிபந்தனை என்பது அங்கே போய் நின்றபோது விளங்கியது.

பனி விலகாத அந்தக் களத்தில், ஓரமாக மூட்டிய சிறு நெருப்பில் ஒரு பெரியவர் தப்பு என்னும் பறையைக் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் லயம் என்னும் தொடர் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களைப் பெரட்டுக்கு எழுப்பியது இந்தத் தப்பின் ஒலிதான். தோல் சூடேறியதும் எழுந்து நின்று பெரட்டு அடியை அடித்தார். பின்னர் சாமி வீதி வரும்போது அடிக்கும் அடி, கூத்துக்குப் பாத்திரங்களை அழைக்கும் அடி என்று ஒவ்வொன்றாக அடித்து, இடையிடையே எது எதற்கு என்று சொன்னார். சாவு வீட்டு அடியைத் தங்கை மகன் கேட்டபோது, அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அத சும்மா அடிக்கப்படாது தம்பி, எழவு இல்லாம அத அடிச்சா வீட்டுக்கு ஆகாது" என்றார். வழிகாட்டியும் அவரை வற்புறுத்தவில்லை. பணம் கொடுத்து வந்தவர் கேட்டதற்காக எல்லாவற்றையும் காட்டிவிடத் தேவையில்லை என்ற அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தப்பைப் பற்றிய இன்னோர் உண்மையையும் அங்கே மறைக்கவில்லை. இந்த இசையை ஒரு சாதியாரின் கடமையாகத் தோட்டச் சமூகமே சுமத்தி, அதை அடிப்பதற்காகவே அவர்களைத் தாழ்த்தியும் வைத்திருந்தது. பெரியவரின் பேரன், தன் தந்தை தப்பைத் தொடவே மறுத்துக் கொழும்புக்கு வேலைக்குப் போனதையும், தான் இப்போது அதைத் தாத்தாவிடம் கற்றுக்கொள்வதையும் வெளிப்படையாகச் சொன்னான். அடிப்பவருக்குத் தனியாக ஊதியம் உண்டு, அவர் விரும்பாத நாளில் அந்தப் பகுதி நிகழ்ச்சியில் இருக்காது. மலையகக் கலைகளைச் சுற்றுலாவுக்குக் கொண்டுவர எண்ணுகிறவர்கள், மேடை போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். இந்த இளைஞர்கள் அதைத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

காமன் கூத்தையும் கேட்டேன். சிவனுடைய நெற்றிக்கண்ணால் எரிந்த காமனையும் அவனுக்காக வாதாடும் ரதியையும் ஊரே சேர்ந்து ஆடும் அந்தக் கூத்து, மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கி, தீ மூட்டும் இரவில் முடிவது. ரதி, மதன் வேடம் கட்டுகிறவர்கள் நேர்த்தி வைத்து, விரதமிருந்து ஆடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விடுதியின் இரவு விருந்தில், ரதியும் மதனும் உணவு மேசைகளுக்கு நடுவில் இருபது நிமிடம் ஆடிவிட்டுப் போனதைப் பார்த்து நான் எழுந்து வெளியே வந்தேன். இந்தக் குழு மாசியைத் தவிர வேறு மாதத்தில் கூத்தைக் காட்டுவதில்லை. மாசியில் வர விரும்புகிறவர்கள் ஊராரோடு சேர்ந்து தரையில் அமர்ந்து இரவு முழுவதும் பார்க்கலாம், தனி இருக்கை கிடையாது. இதனால் அவர்களுக்கு வருமானம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அவர்கள் கூத்தைக் கூத்தாகவே வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தானே நாமும் இவ்வளவு தூரம் போகிறோம்.

காலை உணவு தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத் தண்ணியும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சூடாக இருந்தது, போதுமான அளவு இருந்தது.

பின்னர் மலைக்குள், அதாவது தேயிலைச் செடிகளுக்கு இடையே, நடந்தோம். ஊவாப் பக்கத்துக்கு ஆவணி நல்ல பருவம். தென்மேற்குப் பருவக் காற்று மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு வறண்டு இந்தப் பக்கம் வீசும்போது கொழுந்தின் வளர்ச்சி மட்டுப்பட்டு, ஊவாத் தேயிலைக்கே உரிய மணம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு உண்டு. வழிகாட்டியான பெண்பிள்ளை, இருபத்து நான்கு வயதிருக்கும், இதையெல்லாம் பாடப்புத்தகம் போல ஒப்பிக்காமல், கையில் ஒரு கொழுந்தைப் பறித்து மடித்துக் காட்டிச் சொன்னாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் செடியின் வாதின் (கிளையின்) மேல் படுக்கவைத்து, அதற்கு மேலே நிற்பதை மட்டும் எடுப்பது ஏன், கவ்வாத்து வெட்டிய (செடிகளின் கிளைகளை நறுக்கிய) மலையில் எத்தனை மாதம் கொழுந்து இருக்காது, அந்த மாதங்களில் குடும்பம் எதைச் சாப்பிட்டது என்பதெல்லாம் அவளுடைய அப்பாயி சொல்லி அவளுக்குத் தெரிந்தவை.

அவர்களிடம் கண்டிப்பான ஒரு விதி இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அருகில் போய்ப் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் கேட்கும், அந்தக் கணக்குக் குறைந்தால் பேர் (அன்றைய வேலைப் பதிவு) அரை நாளாகிவிடும். எல்ல நகருக்கும் தெமோதரைக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க நாள்தோறும் குவிகிற கூட்டத்தில் எத்தனை பேர் பாதையோரத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணை மரம் செடியைப் போலவே படமெடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால், இந்த விதிக்காகவே நான் இந்தக் குழுவுக்குத் தனி மதிப்பெண் கொடுப்பேன்.

தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) வெளியே, மதிலோரத்தில், எலுமிச்சைப் பழம் குத்திய சூலத்தோடு ஒரு கல் இருக்கிறது. அது ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கீசர் விட்டுப் போன சொல் நம் தோட்டத் தமிழில் ஒரு சாமியின் பெயராகிவிட்டது. இயந்திரத்தின் சக்கரம் யாருடைய கையையும் வாங்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, வேலை செய்கிறவர்கள் ஏற்படுத்திய காவல் தெய்வம். கவ்வாத்துத் தொடங்குமுன் கத்தியை வைத்துக் கும்பிடும் சாமியும் இப்படித்தான் தோட்டத்திலேயே பிறந்தது. ஸ்டோருக்குள்ளே போகும் அனுமதி இந்தக் குழுவுக்கு இல்லை. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. இயந்திரங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 1925இல் கட்டிய ஸ்டோரிலேயே 2001 முதல் இயங்கும் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் கண்டிக்கருகில் இருக்கிறது. ரோதை முனியின் முன்னால் நின்று இந்தக் கதையைக் கேட்க இங்கேதான் வர வேண்டும்.

இந்தப் பகலின் நடுப்பகுதி, ஆள் குடியிருக்காத பழைய லயமொன்றின் இரண்டு காம்பராக்களில் கழிகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராவும் முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணையும்தான் ஒரு குடும்பத்தின் வீடு. முதலாவதை, இளைஞர்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள். அடுப்புக் கரி படிந்த சுவர், அட்டல் என்னும் பரண், மூலையில் அம்மி, கொடியில் ஒரு கம்பளி. இரண்டாவதில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பொருட்களை வைத்திருக்கிறார்கள்: தகரப் பெட்டிகள், செம்பு, பிரம்புக் கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்ணெண்ணெய் விளக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு துண்டு. தொழிலாளியின் கடனை அடைத்தால் அவரை விடுவிக்கத் தயார் என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை கடன் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது இந்தத் துண்டின் வழியாகத்தான்.

கம்பளைக்கருகில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்து லயத்தில் 2007 முதல் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருட்களில் பெரும்பாலானவை பழக்கமானவையே. அங்கே சேகரிப்பு மிகப் பெரியது, ஆவணங்களும் உண்டு, ஆய்வு செய்கிறவர்கள் அங்கேதான் போக வேண்டும். இங்கே இருப்பது அந்த மலையில் இன்னும் வாழ்கிறவர்களின் பொருட்கள். கூடையைக் கொடுத்த வீட்டுக்காரர் பக்கத்து லயத்திலிருந்து வந்து அதைப் பற்றிப் பேசுகிறார்.

என் அம்மா அங்கே பேசத் தொடங்கியதைச் சொல்லியே ஆக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர், ஓய்வு பெற்ற பின்னர் தோட்டத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கைச் சுவரிலிருந்து எடுத்து, "இப்படிச் சுத்துனா இடுப்புல வெட்டும், மொதல்ல பழைய சீலைய மடிச்சி உள்ள வெக்கணும்" என்று கட்டிக் காட்டினார். வழிகாட்டிப் பிள்ளை உடனே தன் பேச்சை நிறுத்தி, "நீங்களே சொல்லுங்க அம்மாயி" என்று ஒதுங்கி நின்றாள். அடுத்த அரை மணி நேரம் என் அம்மாவே வழிகாட்டி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் என்னை விட்டுவிட்டு மலைக்கு ஓடியதையும், பால் கொடுக்கக் கிடைத்த சில நிமிடங்களையும் நான் முதன்முறையாக அங்கே, ஐந்து அந்நியர்களோடு சேர்ந்து நின்று கேட்டேன். வந்திருப்பவரும் அதே மரபுக்கு உரியவராக இருக்கலாம் என்று எண்ணி இடம்விடத் தெரிந்த வழிகாட்டிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பகல் சாப்பாடு லயத்து வீடுகளில் சுற்று முறையில் நடக்கிறது. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, வல்லாரைச் சம்பல், நெத்தலிக் கருவாடு. எங்களுக்குச் சமைத்த வீட்டில் ஆளொன்றுக்கு 1,100 ரூபாய் அன்றைக்கே கையில் வாங்கினார்கள், கணக்குக் கொப்பியையும் எனக்குக் காட்டினார்கள். 2021இல்தான் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், எட்டுப் பேருக்குச் சமைக்கும் ஒரு பகல் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும். சமைத்தவர்களும் எங்களோடு அமர்ந்து சாப்பிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் அழைத்தும் அவர்கள் இஸ்தோப்பிலேயே நின்றுகொண்டிருந்தது எனக்குத் தொண்டையில் நின்றது.

குறைகளும் இருக்கின்றன. ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் லயத்துக்குக் கீழே செங்குத்தான படிகளுக்கப்பால். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு நடையின் கடைசிப் பகுதி மிகக் கடினம், பதிவு செய்யும்போதே அதைச் சொல்ல வேண்டும். காலில் ஏறும் அட்டைப் பூச்சிகளை உடனே கழுவ உப்பு நீர் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரு முதலுதவிப் பெட்டி இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, காட்சிப் பொருட்களின் விளக்க அட்டைகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருப்பது. அச்சிட உதவியவர்கள் கேட்ட மொழிகள் அவை, தமிழை அடுத்த முறை சேர்ப்போம் என்றார்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரட்டு, காம்பரா, படங்கு என்ற சொற்களும் அந்தக் கூடையைப் போலவே மரபுரிமைதான். அவற்றை வேறு மொழிக்கு மாற்றும்போது கங்காணி வெறும் மேற்பார்வையாளராகிவிடுகிறார். ஆளைத் திரட்டி வந்தவர், கடன் கொடுத்தவர், சம்பளத்தில் கைவைத்தவர், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கியவர் எல்லாம் ஒரே ஆளாக அந்தச் சொல்லுக்குள் இருப்பது தொலைந்துபோகிறது. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் லயம் லயமாகப் போய்ப் பாடல்களைச் சேகரித்ததால்தான் எத்தனையோ சொற்கள் இன்று நம்மிடம் எஞ்சியிருக்கின்றன. இந்தக் குழுவுக்கு அட்டைகளைத் தமிழில் எழுதித் தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, சொல்லப்படும் வரலாற்றில் விழுந்திருக்கும் பள்ளம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869இல் தொடங்கிய இலை நோயில் கோப்பி அழிந்ததும், 1890இல் வந்த தோமஸ் லிப்டன் இந்தப் பக்கத்திலேயே தம்பேதன்னையை வாங்கியதும் விரிவாக வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் கதையும், 2023இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டானதைக் குறிக்கும் மலையகம் 200 நினைவாக மக்கள் அதே வழியில் நடந்ததும் வருகின்றன. அதன் பிறகு கதை நேராக இன்றைய நாளுக்குத் தாவிவிடுகிறது. ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய கடவுச்சீட்டு ஒன்று விளக்க அட்டையில்லாமல் கிடந்தது. யாருடையது என்று அம்மா கேட்டார். "எங்க பெரிய தாத்தாவோடது அம்மாயி. இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டுனாரு, போறதுக்குள்ள செத்துட்டாரு" என்றாள் அந்தப் பிள்ளை. இதை ஏன் நடையில் சொல்வதில்லை என்று நான் கேட்டதற்கு, வெளிநாட்டவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் அரசியல் பேச்சுப் பிடிக்காது என்றாள்.

வற்புறுத்திய பின்னர் சொன்னாள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் லயத்து மக்களை நாடற்றவர்களாக்கியது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள், எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள், மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த லயத்தில் அண்ணன் போய் தம்பி நின்ற காம்பராக்கள் எவை என்று கையால் காட்டினாள். பத்து நிமிடம்தான். அன்றைய நாளில் நான் கேட்டவற்றில் அதுவே சிறந்த பகுதி. எங்களோடு வந்திருந்த வெளிநாட்டுத் தம்பதி அதன் பின்னர்தான் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், அவர்களுக்கு எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை.

நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்ற அச்சம் காரணமில்லாத அச்சம் என்று சொல்ல மாட்டேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்திய தோட்டக் கம்பனிகளின் கையில் 53 ஆண்டுக் குத்தகையில் இருக்கின்றன. பாதையும் லயமும் பெரட்டுக் களமும் அந்தக் குத்தகைக்குள் அடங்கியவை. நான்கு தலைமுறையாக வாழ்கிற காம்பராவை மரபுரிமை என்று காட்டிச் சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காம்பராவின் மேல் எந்த உறுதிப் பத்திரமும் கிடையாது. உறுதி இல்லாத வீட்டை அடமானம் வைத்து ஒரு கழிப்பறை கட்டக்கூடக் கடன் வாங்க முடியாது. விருந்தினர் அறை ஒன்று இறக்கினால் அடுத்த முகாமையாளர் வந்து உடைக்கச் சொல்லலாம். கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது என்று மேலே நான் எழுதிய குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் போன்ற நடைபாதைகள் தோட்டங்களுக்குள்ளாக ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், நடந்து வருகிறவருக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் இரவுக்கு ஓர் அறையும் கொடுக்க லயத்து மக்களால் முடியும். அவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கொரு உறுதியும் கையில் இருந்தால் இந்த இளைஞர்கள் யாரிடமும் வாய்மொழி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராமப்புறச் சுற்றுலாவை வளர்க்கும் திட்டம் எதுவானாலும் மலையகத்தில் அது காணி உறுதியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு நடையிலும் சொல்லத் தொடங்கினால் ஐந்தும் கொடுப்பேன். போகிறவர்கள் வழுக்காத சப்பாத்தும் மழைக்கோட்டும் கொண்டுபோக வேண்டும், சில்லறையாகப் பணம் வைத்திருப்பது நல்லது. மாசி மாதத்துக் கூத்து இரவுக்கு முப்பது பேருக்குத்தான் இடம். நான் மூன்று இடம் சொல்லி வைத்திருக்கிறேன், அம்மா தனக்குப் பாய் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.